எந்த ஓம் காப்பாற்றும்?

(நாமகிரிப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மின்சாரக் கணக்கு. அழுத்தம் இவ்வளவு, ஓட்டம் இவ்வளவு என்று தெரிந்தால், தடை எவ்வளவு, சக்தி எவ்வளவு என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதே அந்தக் கணக்கு. "சாமியையும் சாத்திரத்தையும் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மூடநம்பிக்கை எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால், அளவு தெரியாத இடத்தில்தான் குடியிருக்கிறது. அளக்கத் தெரிந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

இந்த ஊர் மஞ்சளுக்குப் பேர்போன ஊர். மூட்டையை மண்டிக்குக் கொண்டுபோய், "எடை எதற்கு? தெய்வம் பார்த்து ஒரு விலை கொடுக்கும்" என்று போட்டுவிட்டு யாராவது வீட்டுக்கு வருவாரா? வரமாட்டார். தராசைக் கண்கொட்டாமல் பார்ப்பார். அப்படிப்பட்ட நாமே தோட்டத்து மோட்டார் எரிந்துபோனால் கண்ணேறு என்கிறோம். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். மின்சாரம் தாக்கி மனிதன் செத்தால் தலைவிதி என்கிறோம். ஏன் இந்த வித்தியாசம்? மஞ்சளுக்குத் தராசு உண்டு என்பது நமக்குத் தெரியும். மின்சாரத்துக்கும் தராசு உண்டு என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லவே வந்திருக்கிறோம்.

இரண்டு ஓம்

இந்தக் கணக்கில் "ஓம்" என்று ஒரு சொல் வரும். கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். இது மந்திர ஓம் அல்ல, மின்சார ஓம். எழுத்து ஒன்று, ஓசை ஒன்று. குணம் மட்டும் நேர் எதிர்.

மந்திர ஓமின் கதை உங்களுக்குத் தெரியும். அதை இன்ன ஜாதியார்தான் சொல்லலாம், இன்ன ஜாதியார் சொல்லக் கூடாது, பெண்கள் சொல்லவே கூடாது என்று விதி வைத்தார்கள். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதியே வைத்தார்கள். இத்தனை காவல் போட்டுக் காப்பாற்றிய அந்த ஓமினால் ஒரு விளக்காவது எரிந்ததா, ஒரு ஏற்றத்து மாட்டுக்காவது ஓய்வு கிடைத்ததா என்றால், இல்லை.

மின்சார ஓம் யார்? அது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனி தேசத்தில் எர்லாங்கன் என்னும் ஊரில் 1789இல் பிறந்த ஜார்ஜ் ஓம் என்பவர். அவருடைய தகப்பனார் பூட்டு செய்கிற தொழிலாளி. தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். தகப்பனார் பெரிய படிப்புப் படித்தவரல்ல; பட்டறை வேலைக்கு நடுவே தாமே கணக்கும் விஞ்ஞானமும் கற்று, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். மகன் கொலோன் நகரில் பள்ளிக்கூட உபாத்தியாயரானார். கம்பிகளைத் தம் கையாலேயே தயார்செய்து, அதில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று திரும்பத் திரும்ப அளந்து, கண்டதை 1827இல் புத்தகமாக வெளியிட்டார். பெரிய பண்டிதர்கள் அதை மதிக்கவில்லை. மனம் கசந்து உத்தியோகத்தை விட்டார். சில ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். ஆனால் அவர் சொன்னதை எவன் அளந்து பார்த்தாலும் சரியாகவே வந்தது. ஆகவே 1841இல் லண்டன் ராயல் சங்கத்தார் தங்கள் பெரிய பரிசான காப்ளி பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். 1881இல் பாரிஸ் நகரில் கூடிய மின்சார மாநாட்டில் தடையின் அளவுக்கு அவர் பெயரையே ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஓமுக்கு ஏறக்குறைய 50 வருஷங்களுக்கு முன்பே இங்கிலாந்தில் ஹென்றி காவெண்டிஷ் என்ற பிரபு குடும்பத்துச் சீமான் இதே உண்மையை அநேகமாகக் கண்டுவிட்டார். அளக்கும் கருவி இல்லாத காலமாதலால், தம் உடம்பிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சி, அதிர்ச்சி எவ்வளவு என்பதைக் கொண்டு அளவு கண்டார். ஆனால் வெளியிடவில்லை. எழுதியதைப் பெட்டியில் வைத்துவிட்டு 1810இல் இறந்துபோனார். 1879இல் மாக்ஸ்வெல் என்னும் விஞ்ஞானி அந்தக் காகிதங்களை வெளியிட்டபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பூட்டிவைத்த அறிவு எவ்வளவு பெரியதானாலும் பிறருக்குப் பயனில்லை. பூட்டுக்காரர் மகன் அதைத் திறந்து வீதியில் வைத்தார். அதனால்தான் அளவுக்கு அவர் பெயர் நின்றது.

வகுத்தல் ஒன்று, பெருக்கல் ஒன்று

இனிக் கணக்குக்கு வருவோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. தொட்டி உயரமாக இருந்தால் வேகம் அதிகம். குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் குறைவு. தொட்டியின் உயரத்தைப் போன்றது மின்சாரத்தின் அழுத்தம். அதை வோல்ட் கொண்டு அளக்கிறோம். ஓடும் தண்ணீரைப் போன்றது மின்சாரத்தின் ஓட்டம். அதை ஆம்பியர் கொண்டு அளக்கிறோம். குழாயின் குறுகலைப் போன்றது தடை. அதை ஓம் கொண்டு அளக்கிறோம்.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை வரும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் சக்தி வரும். அதை வாட் கொண்டு அளக்கிறோம். அவ்வளவுதான். இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

நம் வீட்டுக்கு வருகிற அழுத்தம் 230 வோல்ட். ஓர் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53. ஆகவே அதன் தடை 53 ஓம். 230ஐ 4.35ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,000. ஆகவே அதன் சக்தி 1,000 வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் அதுதான் நாம் காசு கொடுக்கும் ஒரு யூனிட்.

வீட்டு விளக்குக்கு வாருங்கள். பழைய கம்பி பல்பு 60 வாட். நாலு பல்புகள் நாளைக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் 1,440 வாட்-மணி, அதாவது 1.44 யூனிட். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். இன்றைய எல்.இ.டி. பல்பு 9 வாட்டில் ஏறக்குறைய அதே வெளிச்சம் தருகிறது. அதே நாலு பல்பு, அதே ஆறு மணி நேரம், அதே இரண்டு மாதம். கணக்கு 13 யூனிட். 2016ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆக்கினார்கள். அதில் 86ஐ விளக்குக்கே கொடுப்பதா, 13ஐக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மிக்சிக்கும் விசிறிக்கும் வைத்துக்கொள்வதா என்பதை, அடுப்படியில் இருக்கும் தாய்மார் ஒருவர் கரித்துண்டால் சுவரில் எழுதியே கண்டுகொள்ளலாம். இதற்கு நல்ல நேரமும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளையின் உத்தரவும் வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அணைந்திருக்கும் கம்பி பல்பின் தடையை மீட்டர் வைத்து அளந்தால், கணக்கில் வரும் எண்ணைவிட மிகக் குறைவாகக் காட்டும். கம்பி சூடேறச் சூடேறத் தடை கூடும் என்பதே அதற்குக் காரணம். ஓம் சொன்ன விதி, சூடு மாறாமல் இருக்கும் கம்பிக்கு. மோட்டாருக்கும் ஒரு திருத்தம் உண்டு. அதில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது முழுவதும் வேலையாக மாறாது. பவர் பாக்டர் என்று ஒன்றுக்குக் குறைந்த ஓர் எண்ணாலும் பெருக்க வேண்டும். பாருங்கள், விஞ்ஞானம் தன் விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தானே சொல்லிவிடுகிறது. "எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் இதுவே சத்தியம், கேள்வி கேட்டால் நரகம்" என்று சொல்லும் ஏதாவதொரு சாத்திரம் இப்படித் தன் எல்லையைத் தானே சொன்னதுண்டா?

எலுமிச்சம்பழமும் கம்பியும்

இப்போது தோட்டத்துக்குப் போவோம். ஒரு விவசாயியின் வீட்டிலிருந்து 200 மீட்டர் தூரத்தில் கிணறு. அதில் ஒரு குதிரைச் சக்தி சிங்கிள் பேஸ் மோட்டார். அது 7 ஆம்பியர் இழுக்கிறது. விலை குறைவு என்று 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வாங்கிப் போட்டிருக்கிறார். அந்தக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. போக 200, வர 200. ஆக 400 மீட்டர். தடை 4.8 ஓம். ஓட்டம் 7. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 34 வோல்ட். அதாவது வீட்டில் 230 வோல்ட்டாகப் புறப்பட்ட அழுத்தம் கிணற்றடிக்குப் போய்ச் சேரும்போது 196 ஆகிவிடுகிறது. வழியில் 34 வோல்ட்டைக் கம்பியே தின்றுவிட்டது.

தின்றது எங்கே போயிற்று? சூடாகப் போயிற்று. இங்கிலாந்தில் ஜூல் என்று ஒருவர். பீர் வடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்தவர். அவர் 1841இல் ஒரு கணக்குச் சொன்னார். ஓட்டத்தை ஓட்டத்தாலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் கம்பியில் பிறக்கும் சூடு வரும் என்றார். 7 பெருக்கல் 7 நாற்பத்தொன்பது. அதை 4.8ஆல் பெருக்க 235 வாட். மோட்டார் நாலு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட், தண்ணீர் இறைக்காமல், கம்பியைச் சூடாக்குவதற்கே செலவு. அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் இழப்பு 13 வோல்ட், 90 வாட்.

இதோடு தீரவில்லை. அழுத்தம் குறைந்தாலும் மோட்டார் தன் சுமையைச் சுமந்தே ஆகவேண்டும். ஆகவே ஓட்டத்தை அதிகமாக இழுக்கும். 7 ஆம்பியர் 9 ஆகிறது என்று வையுங்கள். 49 இருந்த இடத்தில் 81. மோட்டாரின் உள்சுற்றில் சூடு 65 சதவிகிதம் கூடிவிட்டது. சுற்றின் மேல் பூசிய வார்னிஷ் நாளாவட்டத்தில் கருகி உதிர்கிறது. ஒருநாள் புகை வருகிறது. உடனே பக்கத்துத் தோட்டக்காரன் கண் பட்டுவிட்டது என்கிறார்கள். மந்திரித்த எலுமிச்சம்பழம் வருகிறது. காயில் கட்டும் பணம் வேறு, சாமியாடிக்குத் தட்சணை வேறு, அண்டை வீட்டானோடு ஆயுசுக்கும் பகை வேறு. கண்ணேறுக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்துத் தோட்டக்காரன் கண்ணுக்கு எத்தனை ஓம் என்று யாராவது அளந்து சொல்லட்டும், நாமும் நம்புகிறோம்.

"விவசாயத்துக்குத்தான் மின்சாரம் இலவசமாயிற்றே, எமக்கு எதற்குக் கணக்கு?" என்பார் உண்டு. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது உண்மை. ஆனால் மின்சாரம் இலவசமே தவிர மோட்டார் இலவசமல்ல. சுற்றுக் கட்டும் கூலி இலவசமல்ல. அது கெட்டுக் கிடக்கும் பத்து நாளில் வாடும் மஞ்சளும் மரவள்ளியும் இலவசமல்ல.

வீதிக்கு மேலே போகும் கம்பி

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. 1937இல் அங்கே மின்சாரம் பிறக்கத் தொடங்கிற்று. அவ்வளவு தூரத்திலிருந்து மின்சாரத்தை 230 வோல்ட்டிலேயே கொண்டுவந்தால் என்ன? கணக்குப் போடுங்கள். ஒரு கிராமத்துக்கு 1,00,000 வாட் வேண்டும். 230 வோல்ட்டில் அனுப்பினால் 435 ஆம்பியர் ஓடவேண்டும். கம்பியின் தடை ஒரே ஓர் ஓம் என்று வைத்தாலும் 435 பெருக்கல் 435, அதாவது 1,89,000 வாட் கம்பியிலேயே போய்விடும். அனுப்பியதைவிட வழியில் அழிவது அதிகம் என்றால், அனுப்பவே முடியாது என்று பொருள். அதே சக்தியை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 9.1 ஆம்பியர். இழப்பு 83 வாட்; ஒரு பழைய பல்பின் அளவு. அழுத்தத்தை ஏற்றி அனுப்புவதற்கு இதுதான் காரணம். இந்தக் கணக்கினால்தான் குக்கிராமத்துக்கும் விளக்கு வந்தது. இந்தக் கணக்கினால்தான் நம் வீதிகளின் மேலே 11,000 வோல்ட்டுக் கம்பியும் வந்தது. நன்மையும் ஆபத்தும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மறு பக்கத்தைச் சாமியின் தலையில் போடுவது புத்தியல்ல.

2022 ஏப்ரல் 27ஆம் தேதி, தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில் அப்பர் திருவிழா. பின்னிரவில் தேர் வீதியில் வருகிறது. தேரின் மேற்பகுதி உயர் அழுத்தக் கம்பியில் பட்டது. 11 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. 2025 மார்ச் மாதம் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் கிறிஸ்துவத் தேவாலயத் திருவிழா. இரும்பு ஏணி ஒன்று உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 4 பேர் மாண்டார்கள். ஒரு விழா சைவருடையது, மற்றொன்று கிறிஸ்துவருடையது. கம்பி இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது.

மாண்டவர்களைக் குறைசொல்ல நாம் இங்கு வரவில்லை. அவர்கள் நம்மவர்கள், உழைத்து உண்டவர்கள், ஊரோடு சேர்ந்து தேர் இழுத்தவர்கள், ஏணி தூக்கியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, "விதி முடிந்தது, சாமி அழைத்துக்கொண்டது" என்று சொல்லுகிறார்களே, அந்த வார்த்தையைத்தான் நாம் வெறுக்கிறோம். அந்த வார்த்தை, அடுத்த தேருக்கும் அதே கம்பியைத் தயாராக வைக்கிற வார்த்தை.

என்ன நடக்கிறது என்று கணக்காகவே பாருங்கள். மனித உடம்புக்கும் தடை உண்டு. தோல் நன்றாகக் காய்ந்திருந்தால் பல்லாயிரம் ஓம். வியர்வையிலோ தண்ணீரிலோ நனைந்திருந்தால் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓடினால் உடம்பில் கூச்சம் தெரியும். ஆயிரத்தில் பத்துப் பங்குக்கு மேல் ஓடினால் பிடித்த கை விடாது. ஐம்பது முதல் நூறு பங்கு ஓடினால் இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். வீட்டு மின்சாரமே 230 வோல்ட். ஈரக் கைக்கு 1,000 ஓம். வகுத்தால் ஆயிரத்தில் 230 பங்கு. சாவுக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

11,000 வோல்ட்டுக் கம்பியில் ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையே சுமார் 6,350 வோல்ட் இருக்கும். அந்த அழுத்தத்துக்கு முன் காய்ந்த தோலும் நிற்காது. அது துளைபட்டுப் போகும். 6,350ஐ 1,000ஆல் வகுத்தால் ஆறு ஆம்பியருக்கு மேல். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் 40,000 வாட். நாற்பது இஸ்திரிப் பெட்டிகளின் சூடு ஓர் உடம்புக்குள். இதற்கு எந்த ஓம் ஜபித்தால் தப்பலாம்? எத்தனை லட்சம் முறை ஜபித்தால் இந்த 1,000 ஓமில் ஓர் ஓமாவது கூடும்? கூடாது என்பது ஜபிக்கிறவருக்கும் தெரியும்.

அப்படியானால் கம்பியில் உட்காரும் காக்கை ஏன் சாவதில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காக்கையின் இரண்டு காலும் ஒரே கம்பியில். இரண்டு காலுக்கும் நடுவே அழுத்த வித்தியாசம் இல்லாதபோது அதன் உடம்பில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. அதே காக்கையின் சிறகு பூமியோடு சேர்ந்த இரும்புக் கம்பத்தையும் தொட்டால் அந்த நிமிஷமே விழும். இதைச் சனீஸ்வரன் வாகனம் என்று கும்பிடுகிறவரும் பார்த்திருப்பார். பார்த்தும் காரணம் கேட்டிருக்கமாட்டார்.

பெரிய தேர் ஓடும் ஊர்களில் என்ன செய்கிறார்கள்? தேர் வரும் வீதியில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். குறுக்கே உள்ள கம்பியைக் கழற்றுகிறார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு மறுபடி பூட்டுகிறார்கள். ஆகவே தேர் பத்திரமாக ஓடுவதற்கு மந்திரம் சொல்லுகிறவர் போதவில்லை. லைன்மேன் கம்பத்தில் ஏறவேண்டியிருக்கிறது. ஊர்வலம் முடிந்ததும் மாலையும் மரியாதையும் யாருக்கு? மந்திரம் சொன்னவருக்கு. உயிரைப் பணயம் வைத்துக் கம்பம் ஏறியவருக்கு ஒரு டம்ளர் மோராவது கொடுத்தோமா? யோசித்துப் பாருங்கள்.

"எமக்குக் கணக்கு வராது" என்பவர்களுக்கு

"இதெல்லாம் படித்தவர்களுக்கு, கணக்கு வருவதற்கும் தெய்வ கடாட்சம் வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அதற்குச் சாட்சியாக உங்கள் ஊர்ப் பெயரிலுள்ள நாமகிரியையே இழுப்பார்கள். 1887இல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்கள் தந்ததாக நம்பினார் என்பது பிரசித்தம். அவருடைய அறிவை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தத் தாயாரைக் கும்பிட்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். காரின் கணிதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்லேட்டில் எழுதி எழுதி அழித்தவர் ஒருவர். சூத்திரம் யாருக்கு வந்தது? ஸ்லேட்டுக்காரருக்கு. மேலும், பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியனுப்பிய சில முடிவுகள் தவறு என்று இங்கிலாந்தில் ஹார்டி கண்டார். தெய்வம் தந்ததாயிருந்தால் தவறு எப்படி வரும்? மனிதன் கண்டதாகையால்தான் தவறும் வந்தது. மனிதன் சோதித்ததாகையால்தான் அந்தத் தவறும் தெரிந்தது. இதில் ராமானுஜனுக்கு இழிவு ஒன்றுமில்லை. அவருடைய உழைப்பின் பெருமையை அவருக்கே கொடுங்கள் என்பதுதான் நாம் சொல்வது.

மின்சாரக் கணக்குக்கோ அவ்வளவு பெரிய மேதை வேண்டியதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தலும் பெருக்கலும் போதும்.

செய்ய வேண்டியது

பேசிவிட்டுப் போவதில் பயனில்லை. ஆகவே சிலவற்றைச் சொல்லுகிறோம்.

ஒன்று. உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. என்னும் டிரிப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 30 பங்கு வழிதவறிப் போனாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். மேலே சொன்ன கணக்கில் இருதயம் நிற்பது 50 முதல் 100. அதற்கு முன்பே, 30இலேயே துண்டிக்கும்படி மனிதன் கருவி செய்திருக்கிறான். எந்தத் தாயத்து இப்படி எண் சொல்லிக் காப்பாற்றும்? அதோடு எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு. ஆயுதபூஜை அன்று மோட்டாருக்கும் மீட்டருக்கும் சந்தனம் கரைத்துத் தெளிக்கிறோமே, அந்தத் தண்ணீர் 20,000 ஓமை 1,000 ஓம் ஆக்குகிற தண்ணீர் என்பதை நினையுங்கள். யந்திரத்துக்குச் செய்யும் மரியாதை துடைப்பதும், எண்ணெய் விடுவதும், தளர்ந்த திருகை முடுக்குவதும்தான். அதையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று. மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கென்று வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சும் பாதகம் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் உண்டு. அது சட்டப்படிக் குற்றம். பன்றிக்கு 230 வோல்ட், மனிதனுக்கு வேறு என்று கம்பி பார்க்காது. விடியற்காலையில் பனியில் நனைந்த காலோடு வருகிற பக்கத்துத் தோட்டத்துக் கூலிக்காரப் பெண்ணுக்கும் அதே வகுத்தல்தான். அப்படிச் செய்கிறவர் உறவினரானாலும் தடுத்து நிறுத்துங்கள்.

நான்கு. உங்கள் ஊரில் எந்தச் சாமிக்குத் திருவிழா நடந்தாலும் அதைத் தடுக்க நாம் சொல்லவில்லை. அதன் பயனைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம். ஆனால் தேரோ, சப்பரமோ, கொடிக் கம்பமோ, பந்தல் காலோ, ஏணியோ எதுவானாலும் சரி, கம்பியின் கிட்டே போவதற்கு முன் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, மின்சாரம் நின்றுவிட்டது என்று லைன்மேன் வாயால் கேட்ட பிறகே நகர்த்துங்கள். வீதியைக் குறுக்கே கடக்கும் உயர் அழுத்தக் கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று 2010ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதிகள் சொல்லின. அது சுமார் 20 அடி. சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மேலே மேலே போட்டு உயர்த்தினால் கம்பி தானாகவே தாழ்ந்துவிடுகிறது. தேரை அளந்து கட்டுங்கள். கம்பியின் உயரத்தைக் கழி வைத்து நீங்கள் அளக்கப் போகாதீர்கள். அதை மின்வாரியத்தாரையே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். என்ஜினீயர் சொன்னார் என்பதற்காகவும் கைகட்டி நிற்கவேண்டாம். பழைய புரோகிதனை அனுப்பிவிட்டு அந்த மணையில் புதிய புரோகிதனை உட்காரவைப்பது நம் இயக்கத்தின் வேலையல்ல. சில நூறு ரூபாய்க்குக் கைமீட்டர் கிடைக்கிறது. வேலை தெரிந்த வயர்மேன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள், வகுத்துப் பாருங்கள். நாம் சொன்ன எண் வரவில்லையென்றால் காரணம் கேளுங்கள். உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போலவே மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தோழர்களே! ஓர் ஓமை நாம் சொல்லக் கூடாது என்று காதில் ஈயத்தைக் காய்ச்சினார்கள். மற்றோர் ஓமைப் பூட்டுக்காரர் மகன் ஒருவர் கண்டுபிடித்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார். அது ஜாதி கேட்பதில்லை, குளித்தாயா என்று கேட்பதில்லை, தட்சணை கேட்பதில்லை. அழுத்தம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது. கேட்டு, விடையைச் சொல்லுகிறது. அந்த விடையில் நம் காசும் இருக்கிறது, நம் பிள்ளைகளின் உயிரும் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.